கையெழுத்து யாருடையது? – புதுச்சேரியின் நிர்வாகச் சீர்திருத்தம்

புதுச்சேரி கடற்கரைச் சாலையில் காந்தி சிலைக்கு அருகே வெள்ளை வெளேரென்று நிற்கிறது மேரி கட்டடம். பிரெஞ்சு மொழியில் ‘மேரி’ என்றால் நகராட்சி அலுவலகம். 1870-71ல் எழுப்பிய அந்தக் கட்டடம் 2014 நவம்பர் மழையில் சரிந்து விழுந்தது. பழைய தோற்றம் மாறாமல் உலக வங்கி நிதியுதவியோடு திரும்பக் கட்டி, 2021 பிப்ரவரியில் திறந்தார்கள். தூண், வளைவு, படிக்கட்டு எல்லாம் பழையபடியே வந்துவிட்டன. வராமல் போனது நகராட்சி மன்றம்தான். 2006ல் மக்கள் தேர்ந்தெடுத்த மன்றத்தின் காலம் 2011ல் முடிந்தது. கட்டடம் விழுந்த அன்றும் மன்றம் இல்லை, திறந்த அன்றும் இல்லை.

புதுவையில் நிர்வாகச் சீர்திருத்தம் என்று பேச்செடுத்தால் இரண்டு குரல்கள் உடனே எழும். ‘இவ்வளவு சின்ன ஊருக்கு இத்தனை அரசு ஊழியரா, ஆட்களைக் குறையுங்கள்’ என்பது ஒன்று. ‘எந்த அலுவலகத்துக்குப் போனாலும் நாற்காலி காலி, காலியிடத்தை நிரப்புங்கள்’ என்பது மற்றொன்று. இரண்டிலும் உண்மை உண்டு. ஆனால் இரண்டுமே தலையெண்ணிக்கையோடு நின்றுவிடுகின்றன. ஒரு கோப்பில் கையெழுத்துப் போடுபவர் ஒருவர், அதற்காக மக்களிடம் பதில் சொல்பவர் இன்னொருவர் என்று இருக்கும்வரை, ஆளைக் கூட்டினாலும் குறைத்தாலும் நிர்வாகம் மாறாது என்பதே என் வாதம். பிரெஞ்சுக் காலம் தொடங்கி இன்றுவரை அந்தக் கையெழுத்து யார் யார் கைக்குப் போனது என்று பார்ப்பதுதான் இந்தக் கட்டுரை.

பிரெஞ்சுக்காரர் விட்டுச் சென்றவை

பிரிட்டிஷ் இந்தியாவில் கலெக்டர் கச்சேரியும் தாலுகாவும் நிர்வாகத்தின் முதுகெலும்பாக இருந்தன. பிரெஞ்சு இந்தியாவில் அந்த இடத்தில் இருந்தது கொம்யூன். 1880ல் வந்த ஓர் ஆணை இந்தப் பகுதிகளைக் கொம்யூன்களாகப் பிரித்து, தேர்ந்தெடுக்கப்பட்ட மன்றங்களை அமைத்தது. பிறப்பு, இறப்பு, திருமணம் எல்லாம் ‘எத்தா சிவில்’ பதிவேட்டில் மேரியில்தான் பதிவாகும். பாட்டனார் பிறந்த தேதியைத் தேடிப் புதுவைக் குடும்பங்கள் இன்றும் போய் நிற்பது அந்தப் பதிவேடுகளிடம்தான். தேர்தல்கள் யோக்கியமாக நடந்தன என்று யாரும் சொல்ல மாட்டார்கள். அடியாட்களும் கள்ள வாக்கும் அன்றைய அரசியலில் சாதாரணம். இருந்தாலும் தெருவிளக்கு எரியவில்லை என்றால் யார் வீட்டுக் கதவைத் தட்டுவது என்பது ஊருக்குத் தெரிந்திருந்தது.

1954 அக்டோபர் 18 அன்று கீழூரில் நடந்த வாக்கெடுப்பை நினைவுபடுத்திக்கொள்ள வேண்டும். இந்தியாவோடு இணைவதா என்று முடிவு செய்ய அன்று கூடியவர்கள் 178 பேர். பிரதிநிதி சபை உறுப்பினர்களும் நகராட்சி மன்ற உறுப்பினர்களுமே அவர்கள். 170 பேர் இணைப்பை ஆதரித்தார்கள், 8 பேர் எதிர்த்தார்கள். நவம்பர் 1 அன்று நிர்வாகம் கை மாறியது. 1956ல் ஒப்பந்தம் கையெழுத்தாகி, 1962 ஆகஸ்ட் 16 முதல் சட்டப்படியான மாற்றம் நடைமுறைக்கு வந்தது. ஆக, புதுவையை இந்தியாவோடு இணைத்த கைகளில் பெரும்பாலானவை கொம்யூன் உறுப்பினர்களின் கைகள்.

ஊழியர்களையும் ஒப்பந்தம் மறக்கவில்லை. பாரிஸிலிருந்து வந்த அதிகாரிகள் தவிர்த்து, உள்ளூர் ஊழியர்களை இந்திய அரசு ஏற்கும், சம்பளம், விடுப்பு, ஓய்வூதியம் ஆகியவை அவர்களுக்குப் பழையபடியே தொடரும் என்று உறுதி தந்தது. மக்கள் பிரதிநிதிகள் வேறு முடிவு எடுக்கும்வரை பிரெஞ்சே ஆட்சிமொழியாக நீடிக்கும் என்றும் சொன்னது. விரும்பியவர்கள் பிரெஞ்சுக் குடியுரிமையை வைத்துக்கொள்ளவும் வழி விட்டது. ஏறத்தாழ ஐயாயிரம் பேர் அப்படித் தேர்ந்தார்கள்.

அரசு வேலை மீது புதுவைக்கு இருக்கும் ஈர்ப்பு இங்கேதான் வேர் பிடித்தது. இருபதாம் நூற்றாண்டின் முதல் பாதியில் புதுவைத் தமிழர்கள் சைகோனில் சுங்கத்திலும் காவலிலும் எழுத்தர் வேலையிலும் பிரெஞ்சு அரசுக்கு உழைத்தார்கள். பிரெஞ்சுப் படையில் சேர்ந்து திரும்பிய ‘சொல்தா’க்களின் வீடுகளுக்கு மாதம் தவறாமல் பிரான்ஸிலிருந்து ஓய்வூதியம் வந்தது. பக்கத்து வீட்டில் அந்தப் பணத்தைப் பார்த்து வளர்ந்த தலைமுறைக்கு, சர்க்கார் உத்தியோகம் என்றால் சாகும்வரை கைவிடாத துணை என்ற எண்ணம் இயல்பாகவே வந்துவிட்டது.

ஒரு பிரதேசம், நான்கு துண்டுகள், இரண்டு தலைகள்

1963 ஜூலையில் யூனியன் பிரதேசங்கள் ஆட்சிச் சட்டம் நடைமுறைக்கு வந்தபோது புதுவைக்குச் சட்டமன்றமும் அமைச்சரவையும் கிடைத்தன. சட்டமன்றத்தில் தேர்ந்தெடுக்கப்பட்டவர்கள் 30 பேர், நியமன உறுப்பினர்கள் 3 பேர் வரை. பிரெஞ்சுச் சட்டங்களின் இடத்தில் இந்தியச் சட்டங்களை நிறுத்தும் வேலை 1968ஆம் ஆண்டுச் சட்டத்தோடு பெருமளவு முடிந்தது. 1965ஆம் ஆண்டு ஆட்சிமொழிச் சட்டம் தமிழை ஆட்சிமொழியாக்கி, ஆங்கிலத்துக்கும் இடம் விட்டது. மாஹேயில் மலையாளத்தையும் ஏனாமில் தெலுங்கையும் பயன்படுத்தலாம் என்றது. சட்டம் அப்படி. கோப்பின் குறிப்புப் பக்கமோ இன்றும் பெரும்பாலும் ஆங்கிலத்தில்தான் எழுதப்படுகிறது. மனு தமிழில் போகிறது, முடிவு ஆங்கிலத்தில் வருகிறது, நடுவில் மொழிபெயர்த்துச் சொல்ல யாராவது ஒருவர் தேவைப்படுகிறார். பிரெஞ்சு ஆளுநர் துப்ளேக்ஸின் துபாஷாக இருந்த ஆனந்தரங்கப் பிள்ளை இந்தக் காட்சியைப் பார்த்தால் பெரிதாக வியக்க மாட்டார்.

நிலமும் நிர்வாகத்துக்கு வசதியாக இல்லை. புதுவைக்குத் தெற்கே காவிரிக் கழிமுகத்தில் காரைக்கால். மேற்குக் கரையில் கேரளத்துக்குள் மாஹே. வடக்கே கோதாவரிக் கரையில் ஆந்திரத்துக்குள் ஏனாம். 2011 கணக்கெடுப்புப்படி நான்கிலும் சேர்த்து மக்கள்தொகை 12.48 லட்சம். தமிழ்நாட்டில் ஒரு நடுத்தர மாவட்டம் அளவு. அந்த அளவுக்கு முழுத் தலைமைச் செயலகம், துறைதோறும் இயக்குநரகம், செயலர், சார்புச் செயலர் என்று ஒரு மாநிலத்தின் அடுக்குகள் அத்தனையும் இருக்கின்றன. ஊழியர் கூடுதல் என்று தோன்றுவதற்கு இதுவும் ஒரு காரணம். மக்கள்தொகை சிறியது என்பதற்காக அரைச் செயலர் பதவி என்று ஒன்றை உருவாக்க முடியாது.

இதற்கு மேல் இரட்டைத் தலைமை. அமைச்சரவை மக்களுக்குக் கட்டுப்பட்டது, துணைநிலை ஆளுநர் தில்லிக்குக் கட்டுப்பட்டவர். மூத்த அதிகாரிகளோ அருணாசலப் பிரதேசம், கோவா, மிசோரம், யூனியன் பிரதேசங்கள் எல்லாவற்றுக்கும் பொதுவான பணிப்பிரிவிலிருந்து வருகிறார்கள். ஊரின் சந்துகளும் பிணக்குகளும் பிடிபடும் நேரத்தில் மாற்றல் உத்தரவு வந்துவிடுகிறது. ஊரை அறிந்தவர்கள் புதுச்சேரி ஆட்சிப்பணியிலும் எழுத்தர் நிலையிலும் இருக்கிறார்கள். முடிவெடுக்கும் அதிகாரம் அவர்களிடம் இல்லை.

இரு தலைகளுக்கு இடையிலான இழுபறி 2016 முதல் 2021 வரை வெட்டவெளிச்சமானது. கிரண் பேடி ஆளுநர், நாராயணசாமி முதல்வர். ஆளுநர் துறைகளை நேரடியாக ஆய்வு செய்தார், அதிகாரிகளுக்கு வாட்ஸ்அப்பில் உத்தரவிட்டார். 2019 பிப்ரவரியில் முதல்வரும் அமைச்சர்களும் கறுப்பு உடையில் ஆளுநர் மாளிகையான ராஜ்நிவாஸ் வாசலில் தர்ணாவில் அமர்ந்தார்கள். அந்த ஏப்ரல் 30 அன்று சென்னை உயர் நீதிமன்றத்தின் தனி நீதிபதி, அன்றாட நிர்வாகத்தில் ஆளுநர் தலையிடக் கூடாது என்று தீர்ப்பளித்தார். 2020 மார்ச்சில் இரு நீதிபதிகள் அமர்வு அந்தத் தீர்ப்பை ரத்து செய்தது. இரண்டு தரப்பிலும் நியாயம் பேசலாம். ஆளுநர் கேள்வி கேட்காவிட்டால் விதிமீறல்கள் சந்திக்கு வராது என்றார்கள் ஒரு சாரார். ஓட்டுக் கேட்டு வந்தவரின் வாக்குறுதியை ஓட்டுக் கேட்காதவர் நிறுத்துவது என்ன முறை என்றார்கள் மறு சாரார். இந்தச் சண்டையில் நிர்வாகத்துக்குக் கிடைத்த பாடம் ஒன்றுதான்: எந்தக் கோப்பிலும் அவசரப்பட்டுக் கையெழுத்துப் போடாதே. மேலே இருவர் மோதினால் கீழே இருப்பவர் விதிப் புத்தகத்துக்குள் ஒளிந்துகொள்வார். அது அவருடைய தற்காப்பு.

எத்தனை வகை ஊழியர்

புதுவை அரசு ஊழியர் என்று ஒரே சொல்லால் சொல்லிவிடுகிறோம். உள்ளே போனால் அடுக்கடுக்காக இருக்கிறது.

மேல் அடுக்கில் நிரந்தர ஊழியர்கள். மத்திய அரசின் ஊதிய விகிதம் இவர்களுக்குப் பொருந்தும். ஏழாவது ஊதியக்குழுவின்படி 2016 முதல் தொடக்கநிலை ஊழியரின் அடிப்படைச் சம்பளமே 18,000 ரூபாய். அடுத்த அடுக்கில், அரசு நடத்தும் சொசைட்டிக் கல்லூரிகள், கழகங்கள், கூட்டுறவு அமைப்புகளின் ஊழியர்கள். பெயர்ப்பலகையில் அரசு முத்திரை இருக்கும். சம்பளமோ மானியம் வந்தால்தான் வரும். அதற்கும் கீழே ஒப்பந்த ஊழியர், தினக்கூலி, பகுதிநேர ஊழியர். எல்லோருக்கும் அடியில் பொதுப்பணித்துறையின் ‘வவுச்சர்’ ஊழியர்கள். இவர்களின் பெயர் சம்பளப் பட்டியலில் இராது. சில்லறைச் செலவைப் போல வவுச்சரில் கையெழுத்து வாங்கிக்கொண்டு பணம் தருவார்கள்.

ஒரே தண்ணீர்த் தொட்டியை இருவர் பார்த்துக்கொள்கிறார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒருவர் நிரந்தரம், ஒருவர் வவுச்சர். வால்வைத் திருப்பும் வேலை ஒன்றுதான். சம்பளம், விடுப்பு, மருத்துவம், ஓய்வூதியம் எல்லாவற்றிலும் இருவருக்கும் நடுவே மலைக்கும் மடுவுக்குமான தூரம். கீழே இருப்பவர் பத்து, பதினைந்து ஆண்டுகள் ‘நிரந்தரம்’ என்ற ஒற்றைச் சொல்லுக்காகவே காத்திருக்கிறார். அந்தக் காத்திருப்பில் மகளுக்கு வரன் பார்க்கும்போதுகூட, மாப்பிள்ளை வீட்டாரிடம் ‘சீக்கிரம் பண்ணிடுவாங்க’ என்று சொல்லிக்கொண்டிருக்கிறார்.

தேர்தல் நெருங்கும்போது இந்தக் கீழ் அடுக்கில் ஆள் சேர்ப்பதும், ஆட்சி மாறியதும் அவர்களை நிறுத்துவதும், நிறுத்தப்பட்டவர்கள் பந்தல் போட்டு உட்காருவதும் புதுவை பலமுறை பார்த்த நாடகம். ‘பின்வாசல் நியமனம்’ என்ற சொல் இங்கே எல்லாக் கட்சிகளும் எதிர்க்கட்சியாக இருக்கும்போது பயன்படுத்தும் சொல்.

சட்டம் இதை எப்படிப் பார்க்கிறது? 2006 ஏப்ரலில் உமாதேவி வழக்கில் உச்ச நீதிமன்றத்தின் அரசியல் சாசன அமர்வு கண்டிப்பாகப் பேசியது. திறந்த போட்டியில்லாமல் உள்ளே வந்தவரை நிரந்தரம் ஆக்குவது, வெளியே காத்திருக்கும் தகுதியானவரின் உரிமையைப் பறிப்பது என்றது. அனுமதிக்கப்பட்ட பணியிடத்தில், நீதிமன்ற உத்தரவின் துணையில்லாமல் பத்தாண்டுக்கு மேல் உழைத்த தகுதியுள்ளோருக்கு மட்டும் ஒரே ஒருமுறை வழி விட்டது. அந்தத் தீர்ப்பு காலப்போக்கில் அரசுகளுக்குக் கேடயமாகிவிட்டது. ஆண்டுக்கணக்கில் வேலை வாங்கிவிட்டு, உரிமை கேட்கும்போது மட்டும் உமாதேவி பெயரைச் சொல்லிக் கதவை மூடினார்கள். 2024 டிசம்பரில் ஜக்கோ வழக்கில் உச்ச நீதிமன்றமே இதைக் கண்டித்தது. நிரந்தரத் தன்மையுள்ள வேலைக்குத் தற்காலிக முத்திரை குத்தித் தொழிலாளியைச் சுரண்டுவதற்காக உமாதேவி தீர்ப்பு எழுதப்படவில்லை என்றது. இரண்டையும் சேர்த்துப் படித்தால் ஓர் உண்மை தெரிகிறது. முறைகேடாக ஆள் எடுத்தவர் தண்டனை பெறுவதில்லை. அப்படி எடுக்கப்பட்டவர்தான் வாழ்நாள் முழுக்கத் தண்டனை அனுபவிக்கிறார்.

வேலை ஏன் அரசியலின் காசு ஆனது

இதைப் புதுவை அரசியல்வாதிகளின் குணம் என்று சொல்லிவிடுவது சுலபம். கணக்கு வேறு ஒன்றைக் காட்டுகிறது. 2021 சட்டமன்றத் தேர்தலில் தமிழ்நாட்டில் சுமார் 6.28 கோடி வாக்காளர்கள், 234 தொகுதிகள். ஒரு தொகுதிக்குச் சராசரியாக இரண்டரை லட்சத்துக்கும் மேல். புதுவையில் சுமார் 10 லட்சம் வாக்காளர்கள், 30 தொகுதிகள். சராசரி முப்பத்து மூவாயிரம். சில நூறு ஓட்டுகள் வெற்றியைத் தீர்மானிக்கும் ஊரில், ஒரு வேலை என்பது ஒரு வீட்டின் ஓட்டு, அந்த வீட்டின் பங்காளிகள் ஓட்டு, தெருவின் பேச்சு. இரண்டரை லட்சம் பேர் தொகுதியின் உறுப்பினர் சாலை போட்டுப் பெயர் வாங்க வேண்டும். முப்பதாயிரம் பேர் தொகுதியின் உறுப்பினர் நூறு வேலை வாங்கித் தந்தாலே போதும். காலையில் சட்டமன்ற உறுப்பினர் வீட்டுத் திண்ணையில் காத்திருக்கும் கூட்டத்தில் பெரும்பாலோர் கையில் இருப்பது வேலைக்கான விண்ணப்பம் என்பதில் வியப்பில்லை.

உள்ளாட்சி மன்றங்கள் இல்லாததால் இது இன்னும் கூடுகிறது. வார்டு உறுப்பினர் பார்க்க வேண்டிய குப்பை, குழாய், சாக்கடை எல்லாம் சட்டமன்ற உறுப்பினரின் தோளில் ஏறுகிறது. அவர் அமைச்சரிடம் போகிறார். அமைச்சர் பொறியாளரிடம் சொல்கிறார். பொறியாளர் ஆள் இல்லை என்கிறார். ஆளைச் சேர்த்துக்கொள் என்கிறார் அமைச்சர். இப்படியாகத்தான் ஒரு வவுச்சர் ஊழியர் பிறக்கிறார்.

ஆலையும் அங்காடியும்

புதுவையின் தொழிலாளர் வரலாறு பெருமையோடு தொடங்கியது. 1936 ஜூலை 30 அன்று பஞ்சாலைத் தொழிலாளர் மீது பிரெஞ்சுப் படை சுட்டதில் 12 பேர் இறந்தார்கள். தொழிலாளர் தலைவர் வ. சுப்பையா முதலானோர் நடத்திய போராட்டத்தின் பலனாக 1937ல் எட்டு மணி நேர வேலை சட்டமானது. மறையும் சூரியனுக்குப் பதிலாகக் கடிகாரம் வேலை நேரத்தை முடித்து வைத்தது அப்போதுதான். அந்தப் பஞ்சாலைகள் பின்னாளில் அரசின் பொறுப்புக்கு வந்தன. ‘ரோடியர் மில்’ என்று ஊர் சொல்லும் ஏ.எப்.டி. 1980களில் அரசு வசமானது. சுதேசி, பாரதி மில்கள் தேசியப் பஞ்சாலைக் கழகத்திடமிருந்து 2005ல் புதுவைக்கு வந்தன. தொழிலாளரைக் காப்பது என்ற நல்ல நோக்கம்தான். இயந்திரம் பழையதாகிக்கொண்டே போனது, சந்தை கை நழுவியது, 2011 டிசம்பரில் தானே புயல் ஏ.எப்.டி. கூரைகளைப் பிய்த்தெறிந்தது. 2020ல் மூன்று மில்களும் மூடப்பட்டன.

அங்காடிகளின் கதை வேறு மாதிரி. பாப்ஸ்கோ, பாசிக், கான்ஃபெட் என்று ஊரே பெயர் சொல்லும் அமைப்புகள் ஒரு காலத்தில் காய்கறி, மளிகை, உரம், தீபாவளிப் பட்டாசு வரை விற்றன. விற்பனை பெருகிய வேகத்தைவிட ஊழியர் எண்ணிக்கை பெருகிய வேகம் கூடுதல். சம்பளம் நிலுவையில் நின்றது. ‘மாதச் சம்பளம் கொடு’ என்ற பதாகை பாப்ஸ்கோ ஊழியர் கையில் நிரந்தரமானது, வேலை நிரந்தரமானதோ இல்லையோ.

ரேஷன் கடையில் இரட்டைத் தலைமையும் ஊழியர் சிக்கலும் ஒன்றாய்ச் சேர்ந்தன. உணவு மானியத்தைப் பணமாக வங்கிக் கணக்கில் போடும் திட்டம் 2015 செப்டம்பரில் நாட்டிலேயே முதலில் தொடங்கிய இடங்களில் புதுவையும் ஒன்று. புதுவை அரசு தன் பங்குக்கு அரிசியாகத் தர விரும்பியது, ஆளுநர் பணமாகவே தரவேண்டும் என்றார், வழக்கு உயர் நீதிமன்றம் வரை போனது. தீர்ப்பு ஆளுநர் பக்கம் வந்தது. கடைகள் பூட்டிக் கிடந்தன. கடை ஊழியர்கள் வேலையும் இல்லாமல், விடுதலையும் இல்லாமல் ஆண்டுகளைக் கடத்தினார்கள். 2024 அக்டோபரில்தான் கடைகள் மீண்டும் திறந்தன. இந்த ஆண்டுகளுக்காக அட்டைதாரரிடம் யார் மன்னிப்புக் கேட்க வேண்டும்? அமைச்சர் ஆளுநரைக் காட்டுவார், ஆளுநர் விதியைக் காட்டுவார், விதி தில்லியைக் காட்டும்.

முன்வாசல் எங்கே

பின்வாசலை அடைக்க வேண்டுமானால் முன்வாசல் திறந்திருக்க வேண்டும். இந்தியாவில் மாகாண அளவில் முதல் பணியாளர் தேர்வாணையம் அமைந்தது சென்னையில், 1929ல். இன்றைய தமிழ்நாடு அரசுப் பணியாளர் தேர்வாணையம் அதன் வாரிசு. ஆண்டுதோறும் குரூப் 2, குரூப் 4 என்று தேர்வு வரும் என்ற நம்பிக்கையில் விழுப்புரத்துப் பிள்ளைகள் படிக்கிறார்கள். பக்கத்தில் உள்ள புதுவைப் பிள்ளைக்கு அந்த நாள்காட்டி இல்லை. அரசியல் சாசனம் ஒன்றியத்துக்கும் மாநிலங்களுக்கும்தான் தேர்வாணையம் தந்திருக்கிறது. புதுவையின் உயர்நிலைப் பணியிடங்கள் தில்லியின் தேர்வாணையம் வழியே நிரம்ப வேண்டும். மற்றவற்றுக்குத் தலைமைச் செயலகத்தின் பணியாளர், நிர்வாகச் சீர்திருத்தத் துறையே தேர்வு நடத்துகிறது.

நியாயமாகச் சொல்ல வேண்டுமானால், அண்மைக் காலத்தில் அந்தத் துறை எழுத்துத் தேர்வுகளை ஒழுங்காக நடத்தத் தொடங்கியது நல்ல மாற்றம். 2023ல் மேல்நிலை எழுத்தர், கீழ்நிலை எழுத்தர் தேர்வுகள் நடந்தன. 2024ல் 256 உதவியாளர் பணியிடங்களுக்கு அறிவிப்பு வந்தது. சிபாரிசுக் கடிதம் இல்லாமல் மதிப்பெண்ணால் உள்ளே வந்த ஒரு தலைமுறை எழுத்தர்கள் மேசைகளில் அமர்ந்திருக்கிறார்கள். தில்லி அரசு 1996ல் தனக்கென்று ஒரு பணியாளர் தேர்வு வாரியத்தை அமைத்துக்கொண்டது. தேர்வை நடத்துபவரையும் பணியமர்த்துபவரையும் பிரித்து, ஆண்டுதோறும் எந்த மாதம் எந்தத் தேர்வு என்று முன்கூட்டியே சொல்லும் அத்தகைய வாரியத்துக்குத் தனி மாநிலத் தகுதி தேவையில்லை. தொடர்ச்சிதான் தேவை. பத்தாண்டு இடைவெளியில் ஒரு தேர்வு வந்தால், இடையில் உள்ள ஒன்பதாண்டுகளையும் பின்வாசல்தான் ஆளும்.

நகராட்சி இல்லாத நகரம்

1968ல் பிரெஞ்சுச் சட்டத்தின்கீழ் உள்ளாட்சித் தேர்தல் நடந்தது. நகராட்சிகளுக்கும் கொம்யூன் பஞ்சாயத்துகளுக்கும் 1973ல் புதிய சட்டங்கள் வந்தன, தேர்தல் வரவில்லை. நீதிமன்றப் படியேறி, 38 ஆண்டுகளுக்குப் பிறகு 2006ல் தேர்தல் நடந்தது. 2011ல் காலம் முடிந்ததும் 5 நகராட்சிகளும் 10 கொம்யூன் பஞ்சாயத்துகளும் மறுபடி ஆணையர்களின் கைக்குப் போயின. 2021ல் தேதி அறிவித்தார்கள். வார்டு ஒதுக்கீட்டில் பிழைகள் என்று வழக்கு எழுந்தது, சென்னை உயர் நீதிமன்றம் தலையிட்டது, தேர்தல் நின்றது. பிற்படுத்தப்பட்டோர் ஒதுக்கீட்டுக்குப் புள்ளிவிவரம் தேவை என்ற உச்ச நீதிமன்ற நிபந்தனைக்காக ஓய்வுபெற்ற நீதிபதி தலைமையில் ஒரு நபர் ஆணையமும் அமைத்தார்கள்.

ஒதுக்கீடு சரியாக இருக்க வேண்டும் என்பதில் மாற்றுக் கருத்துக்கு இடமில்லை. ஆனால் இத்தனை ஆண்டு தாமதத்துக்கு அது மட்டுமே காரணம் என்று நம்புவது கடினம். மன்றம் இல்லாத நகராட்சியில் சட்டமன்ற உறுப்பினரே ராஜா. வார்டு உறுப்பினர் வந்தால் அந்த நாற்காலியைப் பங்கிட வேண்டும். கேரளம் 1996ல் மக்கள் திட்ட இயக்கம் தொடங்கித் திட்ட நிதியில் 35 முதல் 40 சதவீதத்தை உள்ளாட்சிகளுக்கு ஒதுக்கியது. நிதியோடு ஊழியர்களையும் அனுப்பியது. மாஹேயிலிருந்து நாலு தெரு தாண்டினால் கேரளம். எல்லைக்கு அந்தப் பக்கம் பஞ்சாயத்துத் தலைவரைக் கேள்வி கேட்கலாம். இந்தப் பக்கம் அறுநூறு கிலோமீட்டருக்கு அப்பால் உள்ள தலைமைச் செயலகத்துக்கு மனு எழுத வேண்டும்.

முன்வைக்கப்படும் மருந்துகள்

முதல் மருந்து தனி மாநிலத் தகுதி. சட்டமன்றம் பலமுறை தீர்மானம் போட்டுவிட்டது. 1979ல் தமிழ்நாட்டோடு இணைக்கும் பேச்சு எழுந்தபோது ஊரே கொதித்ததையும் பார்த்தால், தனித்தன்மை மீது மக்களுக்குப் பிடிப்பு உண்டு. மாநிலமானால் இரட்டைத் தலைமை தீரும், தேர்வாணையம் வரும். இன்று மத்திய நிதிக்குழுவின் வரம்பில் புதுவை இல்லை, அதுவும் மாறும். ஆனால் 2007 டிசம்பரில் புதுவை அரசுக்குத் தனிக் கணக்கு தொடங்கியது முதல் கடனின் வட்டியும் அசலும் புதுவையின் தோளில்தான். 2025-26 நிதிநிலை அறிக்கை 13,600 கோடி ரூபாய். சம்பளம், ஓய்வூதியம், கடன் இவற்றுக்குப் போக மிஞ்சுவதை வைத்துத்தான் மாநிலம் நடக்க வேண்டும். மாநிலத் தகுதி கையெழுத்தை ஊருக்குக் கொண்டுவரும். ஊருக்குள் அது தலைமைச் செயலகத்தைத் தாண்டி இறங்குமா என்பது வேறு கேள்வி.

இரண்டாவது, ஆட்குறைப்பும் தனியார்மயமும். யூனியன் பிரதேசங்களின் மின்விநியோகத்தைத் தனியாருக்கு விடுவதாக 2020 மே மாதம் மத்திய அரசு அறிவித்தது. 2022 செப்டம்பர் இறுதியில் டெண்டர் வந்ததும் புதுவை மின்துறை ஊழியர்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள். அக்டோபர் முதல் நாள் ஊர் இருளில் மூழ்கியது, துணை ராணுவம் வந்தது. மின்துறையில் குறை உண்டு, ஊழியர் எதிர்ப்பில் சுயநலமும் உண்டு. இருந்தாலும் கட்டணம் ஏறினால் யாரைக் கேட்பது என்ற பொதுமக்கள் கேள்விக்கு யாரும் நேராகப் பதில் சொல்லவில்லை. சொந்தத் துறைக்கே பொறுப்பை வரையறுக்காத அரசு, ஒப்பந்தக்காரருக்கு எப்படி வரையறுக்கும்?

மூன்றாவது, கணினிமயம். சான்றிதழுக்கு வரிசையில் நிற்பது குறைந்தால் நல்லதே. கோப்பு எந்த மேசையில் எத்தனை நாளாகத் தூங்குகிறது என்று கணினி காட்டும். அதை எழுப்பும் அதிகாரம் யாருக்கு என்பதைக் கணினி முடிவு செய்யாது. அதைக் கேட்டுத் தகவல் உரிமைச் சட்டத்தில் இரண்டாம் மேல்முறையீடு செய்ய இன்றும் தில்லியின் மத்தியத் தகவல் ஆணையத்துக்குத்தான் போக வேண்டியிருக்கிறது.

நான்காவது, எல்லோரையும் நிரந்தரம் ஆக்குவது. மேடையில் கைதட்டல் வாங்கும் மருந்து. நீண்ட காலம் நிரந்தரத் தன்மையுள்ள வேலை பார்த்தவர்களுக்குத் தகுதி அடிப்படையில், பகிரங்கமான பட்டியல் போட்டு, ஒரு காலக்கெடுவுக்குள் நீதி வழங்கத்தான் வேண்டும். அதே நாளில், இனி போட்டித் தேர்வில்லாத எந்த நியமனத்துக்கும் உத்தரவிட்ட அதிகாரியே தனிப்பட்ட முறையில் பொறுப்பு என்று விதி வராவிட்டால், அடுத்த தேர்தலுக்குள் அடுத்த வவுச்சர் தலைமுறை தயாராகிவிடும்.

1966ல் அமைந்த முதல் நிர்வாகச் சீர்திருத்த ஆணையமும் 2005ல் அமைந்த இரண்டாவது ஆணையமும் அலமாரி நிறைய அறிக்கைகள் தந்தன. இரண்டாவது ஆணையம் தந்த 15 அறிக்கைகளில் ஒன்று யூனியன் பிரதேசங்களையும் தொட்டுப் பேசியது. பரிந்துரைகளுக்குப் பஞ்சமில்லை. வரிசைதான் தவறுகிறது. நாம் எப்போதும் ஊழியரிடமிருந்து தொடங்குகிறோம். ஒவ்வொரு சேவைக்கும் யார் கையெழுத்து இறுதியானது, எத்தனை நாளில், தவறினால் யார் பதில் சொல்வது என்பதை முதலில் எழுதி வைத்தால், எத்தனை பேர் தேவை, எங்கே கூடுதல், எங்கே பற்றாக்குறை என்பது அந்தத் தாளிலேயே தெரிந்துவிடும். அந்தப் பட்டியலில் பாதி வரிகள் நகராட்சியிலும் கொம்யூனிலும் போய் முடியும். ஆகவே உள்ளாட்சித் தேர்தலை நிர்வாகச் சீர்திருத்தத்தின் கடைசி அத்தியாயமாக எண்ணாமல் முதல் அத்தியாயமாக வைக்க வேண்டும். அதற்குத் தில்லியின் தயவு வேண்டியதில்லை, அரசியல் சாசனத் திருத்தமும் வேண்டியதில்லை.

கீழூரில் நினைவுச்சின்னம் நிற்கிறது. ஆண்டுதோறும் ஆகஸ்ட் 16 அன்று அங்கே கொடியேற்றுகிறார்கள். அன்று வாக்களித்த 178 பேரில் பெரும்பாலோர் தங்கள் கொம்யூன் மக்கள் தேர்ந்தெடுத்தவர்கள் என்பதால்தான், ஒரு நாட்டோடு இணைவது என்ற அத்தனை பெரிய முடிவில் அவர்களுடைய கைக்கு மதிப்பு இருந்தது. அதே கொம்யூன்களில் இன்று ஒரு தெருவிளக்குக்குக் கையெழுத்துப் போடவும் மக்கள் தேர்ந்தெடுத்த கை இல்லை.